வாயை மூடியதற்குக் கிடைத்த பாராட்டு

14 டிசம்பர் 1953, திங்கள். பார்மா

இரண்டாம் அங்கத்து உடை மறுபடியும் இடுப்போடு நின்றுவிட்டது. இந்த இசை நாடகத்தின் நாயகி லியெத்தாவுக்குப் பதினேழு வயது. அவளாக நடித்துப் பாடும் எனக்கு நாற்பத்து மூன்று. அர்ஜியா வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணுக்குப் பதினேழு, இடுப்புக்கு நாப்பத்து மூணு. துணி யாரு பேச்சைக் கேக்கும்?"

அர்ஜியா என் கணவரின் அக்கா. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் மட்டும் போகவில்லை. என் உடைகளைத் தைக்கிறாள், இழுத்துக் கட்டுகிறாள், நான் பாடப் போகும் ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். என்னைப் பற்றி வரும் விமர்சனங்களை வெட்டி ஒரு பெரிய நோட்டில் ஒட்டுவதும் அவள்தான். பாராட்டி எழுதியிருந்தால் சும்மா விட்டுவிடுவாள். குறை சொல்லியிருந்தால் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு. இருபது வருடத்து நோட்டைப் பிரித்தால் முற்றத்தில் தக்காளி காயப் போட்ட மாதிரி இருக்கும்.

15 டிசம்பர்

இந்த ஊருக்கு ஏன் திரும்பி வந்தேன்? 1946-ல் இதே மேடையிலிருந்து என்னை விசிலடித்தே விரட்டினார்கள். பார்மாவில் விசில் என்றால் செருப்பு வீசுவதற்குச் சமம். கீழே தனிப்பெட்டிகள் என்னும் தடுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் கனவான்கள் கைதட்டினால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உச்சியில் கேலரிக் கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கும் பன்றித்தொடை உப்பிடுகிறவர்களும் சீஸ் கிடங்குக்காரர்களும் சொல்வதுதான் தீர்ப்பு.

'நல்லாப் பாடினே.' இரண்டே சொல். என் கணவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். அவருக்குப் பிறகு எவ்வளவோ சொல்கிறார்கள் — மேடைத் தோற்றம், அனுபவம், உழைப்பு — அந்த இரண்டு சொல்லை மட்டும் காணோம். இந்த ஊரில் ஒருவர், ஒரே ஒருவர், பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வேறெதற்கு? பனியில் இருமவா?

22 டிசம்பர்

ஒத்திகை. விர்ஜிலியோதான் காதலன், படகோட்டி. நல்ல குரல், நல்ல மனிதர், நூற்றுப் பத்துக் கிலோ. ஆற்றங்கரைக் காட்சியில் ஒரு காலை மடக்கி முழந்தாளிட வேண்டும். அந்த முழங்காலில் அவருக்கு வாதம். கீழே போவது அவர் பொறுப்பு, மேலே வருவது கடவுள் பொறுப்பு.

27 டிசம்பர், ஞாயிறு

நேற்று முதல் காட்சி. எழுதத்தான் வேண்டும். எழுதக் கை வரவில்லை.

கதை முழுவதும் ஒரே சொல்லில் தொங்குகிறது. ஆற்றங்கரை; படகு காத்திருக்கிறது; அவன் முழந்தாளிட்டு "என்னோடு வருவாயா?" என்று பாடுகிறான். அவள் "வருகிறேன்" என்று தொடங்கி நீண்ட பாட்டு ஒன்று பாடுகிறாள். அவ்வளவுதான். அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

என் தலைக்குள் பதினாறு நாயகிகள் குடியிருக்கிறார்கள். எந்த வரி யாருடையது என்று பிரித்துக் கொடுக்கத்தானே ஒரேஸ்தே இருக்கிறார்! மேடை விளிம்பில் தரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரு சொல் தவறியதில்லை. நேற்றுப் பார்த்து, பண்டிகைச் சாப்பாட்டில் சூப்பில் மிதக்கும் அனோலினிக் கொழுக்கட்டையை மூன்று தட்டு தின்றுவிட்டு வந்திருக்கிறார். விக்கல். வாயைத் திறந்தால் அரங்கம் முழுக்கக் கேட்கும் என்று கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, முழி பிதுங்க, என்னைப் பார்த்துக் கையைக் கூப்புகிறார்.

இசை நடத்துநர் பார்தேசி கோலைத் தூக்கியபடி நிற்கிறார். வயலின்கள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று... ஐயோ, மறுபடியும் 1946 என்று நினைத்தேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் விர்ஜிலியோவின் முகத்தைப் பார்த்தேன். பாவம், வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும் சொல் தானாக வந்துவிட்டது. பாடி முடித்தேன். எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை.

விசில் இல்லை. ஏன் இல்லை?

28 டிசம்பர்

மிலான் பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. எழுதியவர் டாக்டர் அல்தேமாரோ பிராஸ்கி. இந்த நாட்டில் பாடகர்களுக்கு முதல் எழுத்துப் போடுவதும் முற்றுப்புள்ளி வைப்பதும் அந்த மனிதர்தான் என்பார்கள். அர்ஜியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்:

"அந்த மௌனம்! ஐந்து விநாடி. ஒரு பேதைப்பெண் தந்தையின் வீட்டை விட்டு இறங்கும் காலடியை அதில் கேட்டோம். காதலின் தயக்கத்தை இத்தனை நுட்பமாக உணர்த்திய கலைஞர் நம் காலத்தில் வேறொருவர் இல்லை. நெரீனா ஃபொந்தானி, மௌனத்தின் மகாராணி!"

இரண்டு பத்தி முழுக்க மௌனம். கடைசியில் ஒரு வரி: "பிற பாடல்களையும் அவர் பாடினார்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்."

"இருபத்தஞ்சு வருஷமா தொண்டையைக் கிழிச்சுக்கிட்டுக் கத்துக்கிட்டது பாட்டு. வாயை மூடினதுக்குப் பாராட்டா?"

"நீ வாயை மூடினா நல்லா இருக்கும்னு இருபது வருஷமா நானும் சொல்றேன். பத்திரிகைக்காரன் சொன்னாத்தான் கேப்பே."

'பிற பாடல்களையும் அவர் பாடினார்' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவதா வேண்டாமா என்று பென்சிலோடு வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் புள்ளி மட்டும் வைத்தாள்.

29 டிசம்பர்

இன்று இரண்டாவது காட்சி. காலையில் அரங்க மேலாளர் பூங்கொத்தோடு வந்தார். "எல்லாரும் அந்த மௌனத்துக்காகத்தாம்மா டிக்கெட் வாங்கியிருக்காங்க. குறையாமப் பாத்துக்குங்க." வாசலில் புதிய சுவரொட்டி. என் பெயருக்குக் கீழே: 'புகழ்பெற்ற மௌனத்துடன்'.

ஒரேஸ்தே என் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த மௌனத்துல பாதி என்னோடது."

30 டிசம்பர்

செய்தேன். ஒரேஸ்தேயிடம் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். தனிப்பெட்டிகளில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கைதட்டலோ கைதட்டல். எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. சரி, கொஞ்சமில்லை, நிறையவே பிடித்திருந்தது.

வெளியே வந்தபோது கலைஞர்கள் வாசலில் ஓர் ஆள். முப்பது வயதிருக்கும், நெட்டையன், கோட்டுப் பையில் சின்னச் சுத்தியல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கேலரிக்காரன் என்று பார்த்ததும் தெரிந்தது. கையெழுத்துக் கேட்கப் போகிறான் என்று பேனாவை எடுத்தேன்.

"அன்னைக்கு முழுசா இருந்துச்சும்மா. இன்னைக்குப் பொள்ளல்" என்றான். தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பொள்ளலாம்! யாருடா நீ?

31 டிசம்பர்

விசாரித்தேன். பெயர் எலிஜியோ. சீஸ் கிடங்கில் தட்டிப் பார்க்கிறவன். வண்டிச் சக்கரம் அளவுள்ள சீஸைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே முழுதா, வெடிப்பா, பொள்ளலா என்று சொல்வானாம். அவன் பொள்ளல் என்றால் அந்தச் சக்கரத்துக்கு ஊர் முத்திரை கிடையாது.

என்னைப் போய் சீஸோடு சேர்த்துவிட்டான்.

4 ஜனவரி 1954

நேற்று மூன்றாவது காட்சி. பொள்ளல் என்று சொன்னவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒன்பது வரை எண்ணினேன். ஆறாவதில் விர்ஜிலியோ உதடு அசையாமல் முனகினார்: "வரலேன்னாலும் பரவாயில்ல நெரீனா, சீக்கிரம் சொல்லித் தொலை. முட்டி போகுது."

திரை விழுந்ததும் இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பார்தேசிக்கு இந்த மௌனமே பிடிக்கவில்லை. தனக்குக் கை மரத்துப்போவதாகவும், வயலின்காரர்கள் கூடுதல் படி கேட்பதாகவும் சொன்னார். பொறாமை.

7 ஜனவரி

நேற்று விடுமுறை நாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. பதினொன்று வரை எண்ணலாம் என்றுதான் நின்றேன். எட்டாவதில் கேலரியிலிருந்து ஒரு குரல், மணி அடித்த மாதிரி:

"அம்மா, படகு போயிடும்!"

இன்னொரு குரல்: "அந்த ஆளு முட்டியையும் பாரும்மா!"

சிரிப்பு. மேலே ஆரம்பித்துக் கீழே பெட்டிகள் வரை இறங்கி வந்த சிரிப்பு. வயலின்காரன் ஒருவன்கூடச் சிரித்தான், பார்த்தேன். நான் "வருகிறேன்" என்று பாடியதும் ஒரு கூட்டம் எழுந்து நின்று "அப்பாடா!" என்று கைதட்டியது.

விசிலே தேவலாம். விசிலடித்தால் கோபப்படலாம். சிரிச்சா என்னடி பண்ணுவே நெரீனா? பாட்டுக்காக வந்தவ, நிக்கிறதுக்குப் பேர் வாங்கி, அதையும் கெடுத்துக்கிட்டே. இன்று படுக்கையை விட்டு எழவில்லை. அர்ஜியா சூப்பை வைத்துவிட்டுப் போனாள்.

பத்தாம் தேதி கடைசிக் காட்சி. பிராஸ்கி மறுபடி வருகிறாராம். மிலானில் ஓர் அரங்கின் ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். மௌனத்தைக் காட்ட.

8 ஜனவரி

சீஸ் கிடங்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் எதற்கு?

தரையிலிருந்து கூரை வரை பலகை பலகையாகச் சீஸ் சக்கரங்கள். எலிஜியோ ஏணியில் நின்று ஒவ்வொன்றையும் தட்டிக் காதை வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து இறங்கவில்லை.

"46-ல நீங்களும் விசிலடிச்சீங்களா?" என்றேன்.

"அடிச்சேன். நல்லா அடிச்சேன். எங்கப்பாவும் அடிச்சாரு."

"வெக்கமா இல்ல?"

"நீங்க எங்களுக்குப் பயந்துக்கிட்டுக் கத்தினீங்க. கத்தினதுக்கு விசிலு. அதுல வெக்கம் என்ன?" தட்டினான். டொக். அடுத்தது. டொக். "முதல் நாள் உங்களுக்கு வரி மறந்துபோச்சு."

ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டேன். "யாரு சொன்னா? ஒரேஸ்தேயா?"

"யாரு சொல்லணும்? இந்தப் பாட்டெல்லாம் நீங்க படிக்கிறதுக்கு முன்னாடியே நாங்க மனப்பாடம். மறந்ததுன்னு கேலரி முழுக்கத் தெரியும்."

"அப்புறம் ஏன் விசிலடிக்கலை?"

"அடிக்கத்தான் வாயில விரலை வச்சோம். அதுக்குள்ள நீங்க பாடிட்டீங்களே!" இப்போது இறங்கி வந்தான். "அந்தப் பாட்டு முழுசும்மா. மயிரிழை வெடிப்பு இல்ல. அதைப் பத்தி மிலான்காரரு ஒரு வரி எழுதலை. காது இருக்கா அந்த ஆளுக்கு? அதுவரைக்கும் நீங்க பார்தேசி கைக்கோலையே பாத்துக்கிட்டுப் பாடினீங்க. மறந்ததும்தான் அந்தப் படகோட்டி மூஞ்சியைப் பாத்தீங்க. அதுக்கப்புறம் மூணு தடவையும் பாக்கலை. எண்ணிக்கிட்டு நின்னீங்க. பாட்டு காத்துக் காத்து ஆறிப்போச்சு."

சண்டை போடப் போனவள், அரைக் கிலோ சீஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் மேலே ஒருத்தன் பாட்டைக் கேட்டிருக்கிறான். வழி நெடுக அழுதேன். பனியில் யாருக்கும் தெரியவில்லை.

9 ஜனவரி

ஒரேஸ்தேயிடம் நாளை வழக்கம்போலச் சொல்லை எடுத்துக் கொடுங்கள் என்றேன். "அப்ப மௌனம்?" என்று முகம் வாடிவிட்டது மனிதருக்கு. அவர் பங்கும் அல்லவா போகிறது! மேலாளருக்குச் சொல்லவில்லை. அர்ஜியாவிடம் மட்டும் சொன்னேன்.

"மிலான்காரங்க அதைப் பாக்கத்தானே வர்றாங்க, அண்ணி. பண்ணலேன்னா மிலான் போச்சு."

உடையின் கொக்கிகளைத் தைத்துக்கொண்டே கேட்டாள்: "நீ மிலானுக்கா பாடறே?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கொக்கிக்குப் போய்விட்டாள்.

11 ஜனவரி, திங்கள்

நேற்று.

"என்னோடு வருவாயா?" விர்ஜிலியோ பல்லைக் கடித்துக்கொண்டு முழந்தாளிட்டார். ஒரேஸ்தே வாயைத் திறப்பதற்குள் நான் விர்ஜிலியோவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். வேர்வை, மீசையில் ஒட்டிய பசை, கெஞ்சும் கண். இந்த மனிதனை இன்னும் ஒரு விநாடி இப்படி முழந்தாளில் நிற்க வைக்கலாமா? "வருகிறேன்" என்றேன். இடைவெளியே இல்லை. பார்தேசிதான் என்னைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தார்.

பாடினேன். எண்ணவில்லை. எப்படிப் பாடினேன் என்பது இந்தத் தடவை நினைவிருக்கிறது. ஆனால் எழுதமாட்டேன், அது என்னுடையது.

முடிந்ததும் கீழே பெட்டிகளில் குழப்பம். மௌனம் எங்கே, போட்ட காசு என்ன ஆயிற்று என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலே கேலரியில் ஒரு சத்தமும் இல்லை. போச்சு, விசில்தான் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். அப்போது கேலரிக் கம்பியில் சுத்தியல் தட்டும் சத்தம். டொக்.

"முழுசு!"

அவ்வளவுதான். கேலரி முழுக்கக் கால்களால் தரையை உதைத்தது. கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து பெட்டிக்காரர்கள் தலையில் விழுந்தது. "பீஸ்! பீஸ்!" என்று, பாட்டை மறுபடி பாடச் சொல்லிக் கத்தினார்கள். பார்மாவில் கேலரி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நாற்காலிகள் கீழே வரும். மறுபடி பாடுவதென்றால் மறுபடி முழந்தாள். அப்போதுதான் இரண்டு பேர் பிடித்து எழுப்பியிருந்த விர்ஜிலியோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உன் கேலரி நாசமாப் போக" என்று சொல்லிக்கொண்டே கீழே போனார். அந்த முகத்தைப் பார்த்து, முதல் தடவையைவிட நன்றாகப் பாடினேன்.

மிலான்காரர்கள் பேசாமல் போய்விட்டார்கள் போல. திரைக்குப் பின்னால் யாரும் வரவில்லை. போனால் போகட்டும்.

12 ஜனவரி

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லையே? பிராஸ்கி எழுதியிருக்கிறார்: "ஞாயிறன்று ஃபொந்தானியின் மௌனம் ஏழு விநாடியாக முதிர்ந்திருந்தது. இதுவரை கேட்டவற்றில் இதுவே ஆழமானது."

அர்ஜியா மூன்று தடவை படித்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு உனக்கு மறந்துபோச்சு, இல்ல அந்த ஆளு வரவே இல்ல."

சாயங்காலம் ஒரேஸ்தே மூச்சிரைக்க வந்தார். அவருடைய மைத்துனர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஞாயிறன்று மூடுபனியில் மிலான் ரயில் ஃபிதென்சாவிலேயே நின்றுவிட்டதாம். பிராஸ்கியும் அந்த அரங்கத்து ஆளும் ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் மது அருந்தினார்களாம். அங்கேயே, மேஜை மேலேயே, டாக்டர் எழுதி முடித்தாராம். "ஏழா எட்டா? ஏழே இருக்கட்டும்" என்று சொன்னது மைத்துனர் காதில் விழுந்திருக்கிறது.

நாங்கள் மூன்று பேரும் எலிஜியோவின் கிடங்குச் சீஸைத் தின்றுகொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

23 ஜனவரி

மிலானிலிருந்து கடிதம். மார்ச்சில் லியெத்தா, நான்கு காட்சிகள். ஒப்பந்தத்தில் ஐந்தாவது விதி: 'பாடகி இரண்டாம் அங்கத்தில் தமது புகழ்பெற்ற மௌனத்தை, ஐந்து விநாடிக்குக் குறையாமல், நிகழ்த்தித் தர வேண்டும்.'

வராத ரயிலில் வந்த வாய்ப்பு. அதற்கு ஒரு மணி நேரம் ஆசைப்பட்டேன். எழுதிவைக்கிறேன், ஆசைப்பட்டேன்.

பிறகு பதில் எழுதினேன்: 'மௌனம் தீர்ந்துபோயிற்று. பாட்டு இருக்கிறது. சம்மதமானால் ஐந்தாவது விதியை அடித்துவிட்டு அனுப்புங்கள். வரி எடுத்துக் கொடுக்க என்னோடு ஒரேஸ்தே வருவார்.' அர்ஜியா தபால்தலையை நக்கி ஒட்டினாள். அது அவள் சம்மதம்.

2 பிப்ரவரி

அடித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒரேஸ்தேயின் மனைவி அனோலினிக்குத் தடை போட்டுவிட்டாளாம்.

5 மார்ச், மிலான்

முதல் காட்சி முடிந்தது. பிராஸ்கி இந்த முறை நிஜமாகவே வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் வழுக்கைத் தலை. காலையில் அர்ஜியா பத்திரிகையை விரித்து, கண்ணாடி போட்டு, வழக்கமான குரலில் படித்தாள்:

"நேற்று ஃபொந்தானி பாடினார். குரலில் வெடிப்பே இல்லை. காதலனின் முகத்திலிருந்து எடுத்துப் பாடியதுபோல் இருந்தது. ஆனால் பார்மாவில் நாம் கண்டு வியந்த அந்த மகத்தான மௌனம் இங்கே காணக் கிடைக்காதது பெருங்குறை. ஃபொந்தானி தம் உச்சத்தைக் கடந்துவிட்டாரோ என்ற ஐயம் எழுகிறது."

சிவப்புப் பென்சிலைத் தேடி மேஜை மேல் அவள் கை போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபது வருடப் பழக்கம்.

மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இன்னும் காயாத பசையோடு சின்னத் துண்டு ஒன்று. முதல் மூன்று வாக்கியம் மட்டும். 'ஆனால்' என்ற சொல்லுக்குச் சற்று மேலே, கத்தரிக்கோல் நேராகப் போயிருந்தது. மீதியைக் குப்பைக்கூடையில் தேடினேன், இல்லை. கணப்பில் காகிதச் சாம்பல் இருந்தது.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். கூடையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

"பக்கத்துல இடம் பத்தலை."

அந்தப் பக்கத்தில் இன்னும் முக்கால்வாசி காலியாக இருக்கிறது.